கவிழ்ந்த பிறகு என்ன மிஞ்சும்?

எம். புதுப்பட்டியில் படிக்கும் மாணவனுக்கு ஓடப் பயணத்தைப் பற்றி எழுதி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் பக்கத்து அர்ச்சுனா நதி மேற்கு மலையில் பிறந்து இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேருகிறது என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நேரில் போய்ப் பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கண்மாய் நிரம்பும். பெய்யாவிட்டால் கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடலாம். காற்றில் ஈரம் குறைவு என்பதாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. தண்ணீரைவிட நெருப்போடுதான் நமக்குப் பழக்கம் அதிகம்.

அதனாலேயே இதை எழுதுகிறேன். ஆற்றங்கரைப் பிள்ளை தண்ணீரின் குணத்தைத் தெரிந்துகொண்டே வளர்கிறது. வறண்ட ஊர்ப் பிள்ளையோ, சுற்றுலா போன இடத்தில் முதன்முதலாகப் பரிசலில் ஏறுகிறது. அல்லது ஒரே மழையில் நிரம்பிவிட்ட கல்குவாரியில் ஆழம் தெரியாமல் இறங்குகிறது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறையப் பாதிப்பேர் 29 வயதைத் தாண்டாதவர்கள். ‘தண்ணீர்ப் பக்கமே போகாதே’ என்று பெரியவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது, பலன் இல்லை. போகத்தான் போகிறீர்கள். போவதை எப்படிப் போவது என்று கற்றுக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

மேல்நாடுகளில் ‘கனூ’ என்னும் ஒடுங்கிய, இலேசான ஓடத்தில் கூடாரம், படுக்கை, சமையல் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, காட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் நாள் கணக்கில் துடுப்புப் போட்டுச் செல்கிறார்கள்; இரவில் கரையேறித் தங்குகிறார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் பிர்ச் மரப் பட்டையைக் கொண்டு செய்த ஓடம் அது. அருவி குறுக்கிட்டால் ஓடத்தையே தோளில் தூக்கிக்கொண்டு நடந்து, அப்பால் மறுபடி நீரில் விடுவார்கள். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே யோசனைதான். காடும் காவிரியும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்தாலும் ஆறு கேட்கும் கேள்வி ஒன்றாக இருந்தால் மனிதன் சொல்லும் விடையும் ஒன்றாகவே இருக்கிறது.

இத்தகைய பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள் ஏராளம். கூடாரம், அடுப்பு, விளக்கு, கத்தி என்று நீளும். விலை பார்த்தால் மயக்கம் வரும். எனக்கு அந்தப் பட்டியல்களில் நம்பிக்கை குறைவு. அவை எல்லாம் ஓடம் நிமிர்ந்தே இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை. மூட்டை கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ஓடம் கவிழ்ந்தால் இது எனக்கு மிஞ்சுமா?

நம் கடற்கரையில் இந்தக் கேள்விக்கு ஓடத்தையே விடையாகச் செய்திருக்கிறார்கள். கட்டுமரம் என்பது மென்மரத் தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவே. அதற்கு உட்குழிவு கிடையாது. அலை மேலே ஏறினால் இடுக்குகளின் வழியே தண்ணீர் இறங்கிப் போய்விடுகிறது. புரண்டாலும் மூழ்காது, மீனவர் மறுபடி ஏறிக்கொள்கிறார். இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் அதன் தத்துவம் பழையதாகிவிடவில்லை. பரிசல் வேறு ஜாதி. வட்டமான மூங்கில் கூடை; அடியில் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தாரும். அடி தட்டையானதால் ஆழம் குறைந்த நீரிலும் போகும். பாறையில் உரசினால் சற்று வளைந்து கொடுக்கும். ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் தானாக வெளியே போக வழியில்லை. ஆகவே பரிசலில் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதாவது, எழுந்து நிற்காமல் இருப்பது, எல்லாரும் ஒரே பக்கம் சாயாமல் இருப்பது.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மேற்கே நமக்குத் தெரியும் மலைத்தொடருக்கு அப்பால் தேக்கடி இருக்கிறது. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் அது. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி அங்கே ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஈர்ப்பு மையம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, அது உயரே போகப் போகப் படகு கவிழச் சாய்வு குறைவாகவே தேவைப்படும். உட்கார்ந்திருப்பவன் எழுந்து நின்றால் அவனுடைய ஈர்ப்பு மையம் கணிசமாக மேலே போகிறது. கனூவில் போகிறவர்கள் மண்டியிட்டுத் துடுப்புப் போடுவதும், கனமான மூட்டையை அடியில் நடுவே வைப்பதும் இதற்காகத்தான்.

அதே தேக்கடியில், பெரியாறு புலிகள் காப்பகத்தில், மூங்கில் தெப்பத்தில் அழைத்துச் செல்லும் பயணமும், காட்டில் கூடாரமடித்துத் தங்கும் நடைப்பயணமும் வனத்துறையின் பொறுப்பில் நடந்து வருகின்றன. ஒரு காலத்தில் அந்தக் காட்டிலேயே திருட்டுத்தனமாக வேட்டையாடியும் மரப்பட்டை உரித்தும் பிழைத்த சிலர் மனம் மாறி வழிகாட்டிகளானது அந்தத் திட்டத்தின் சிறப்பு. நம்மூருக்குக் கிட்டத்தில் ‘ஓட முகாம்’ என்று சொல்லத்தக்கது இதுதான். தானாகப் போய்க் காட்டு நீரில் ஓடம் விடுவதோ இரவு தங்குவதோ சட்டப்படி குற்றம். நம் பக்கத்து மலை 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். கவிழ்ந்த பிறகு முதலில் மிஞ்ச வேண்டியது நீங்கள்.

லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையைக் கொடுத்தால், அதைப் போட்டுக்கொள்வது கோழைத்தனம் என்று நம் பையன்கள் உட்காரும் பலகைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். ‘எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!’ என்பார்கள். இந்த வீராப்பு விஞ்ஞானம் தெரியாததால் வருவது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டால் மனித உடலின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே குறைவு. மூச்சை விட்டுவிட்டால் சற்றே அதிகம். அதாவது நாம் எப்போதும் மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் இடைப்பட்ட எல்லையிலேயே இருக்கிறோம். வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமானால் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு தலையின் எடை 4 முதல் 5 கிலோ. சாதாரண மிதவைச் சட்டை ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தாங்கும் மேலுதைப்பைத் தருகிறது. 50 கிலோ ஆளை அந்தச் சின்னச் சட்டை எப்படித் தாங்கும் என்ற சந்தேகம் இப்போது தீர்ந்ததா? 50 கிலோவையும் அது தாங்க வேண்டியதில்லை. உடம்பின் பெரும்பகுதியை ஆர்க்கிமிடிஸ் கண்ட விதி முன்பே தாங்கிவிட்டது.

கிணற்றில் நீச்சல் பழகியபோது முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டதை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். பிற்பாடு எண்ணெய் கேன் அந்த வேலையைச் செய்தது. 5 லிட்டர் காலிக் கேன் கிட்டத்தட்ட 5 கிலோவைத் தாங்கும். பழக அது போதும், பயணத்துக்குப் போதாது. கேனைக் கை தவறவிட்டால் அது ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். உடம்போடு சேர்த்துக் கட்டிய சட்டைதான் தலையில் அடிபட்டு மயங்கினாலும் கூடவே இருக்கும். போட்டுக்கொண்டதும் நண்பனை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். சட்டை உங்கள் காதுவரை ஏறினால் வார் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இறுக்குங்கள். பள்ளிச் சுற்றுலாவில் எல்லாருக்கும் சட்டை இல்லை என்றால், அன்று படகு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆசிரியரிடம் மரியாதையாகவே சொல்லலாம்.

அடுத்து மிஞ்ச வேண்டியது உலர்ந்த துணி. நனைந்த பருத்தித் துணி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது ஆவியாகும்போதெல்லாம் உடம்பின் சூட்டைத் திருடுகிறது. சிவகாசி வெயிலில் இது சுகம். மலை நீர்த்தேக்கத்தின் கரையில் இரவு 10 மணிக்கு நடுக்கம். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு போர்வை ஆகிய மூன்றும் எப்படியாவது நனையாமல் வந்து சேர வேண்டும். இதற்கென்று விலையுயர்ந்த பைகள் விற்கின்றன. நம்மிடம் உரச்சாக்கு இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் கண்ணாடித்தாள் பையைப் பலமுறை கழுவிக் காயவைத்துத் துணி வைக்கப் பயன்படுத்தலாம். உணவுக்கு மட்டும் ஒருபோதும் வேண்டாம். பையில் பாதிதான் நிரப்ப வேண்டும். வாயைக் கயிறுபோல் நன்றாக முறுக்கி, முறுக்கியதை மடித்து, மடிப்பின்மேல் இறுக்கிக் கட்டுங்கள். அதை இன்னொரு பையில் போட்டு அதே மாதிரி கட்டி, வெளியே சாக்கு. உள்ளே அகப்பட்ட காற்றினால் மூட்டையே ஒரு மிதவையாகிவிடும். மூட்டையை ஓடத்தோடு கட்டலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் கட்டுகிற கட்சி. ஆனால் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். நீளக் கயிறு தண்ணீரில் காலைச் சுற்றும். மனிதரை மட்டும் ஓடத்தோடு எக்காரணம் கொண்டும் கட்டக் கூடாது. வேட்டியும் லுங்கியும் கரையில் உடுத்தத்தான். நீரில் அவையும் காலைச் சுற்றும் கயிறுதான்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுத் தூக்குச்சட்டி, டிபன் டப்பா, பிளாஸ்டிக் டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு செய்தித்தாள் துண்டைப் போட்டு மூடி, தொட்டித் தண்ணீருக்குள் 10 நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். எந்தத் தாள் நனையாமல் வருகிறதோ அந்தப் பாத்திரம்தான் பயணத்துக்கு வரும். விலை அதிகமான டப்பா தோற்றுப்போவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இனி நம்மூர்ச் சரக்கு: தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய அந்தப் பெட்டிக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. தீப்பற்றத் தேவையான ரசாயனங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. பயணிகளுக்கான பல குறிப்புகளில் ‘குச்சிகளை மெழுகில் தோய்த்து எடுங்கள்’ என்று இருக்கும். பாதி யோசனை அது! குச்சி நனையாமல் இருந்தும் உரசும் பட்டை ஊறிப்போனால் என்ன செய்வீர்கள்? பாறையில் உரசினால் பற்றாது. ஆகவே குச்சியும் பட்டைத் துண்டும் சேர்ந்தே, மேலே சோதித்த சிறு டப்பாவில், மூட்டையில் அல்லாமல் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மெழுகு தோய்ப்பதானால் பெரியவர் துணையோடு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிய மெழுகில், அடுப்பை அணைத்த பிறகு செய்யுங்கள். குளோரேட்டுக்குப் பக்கத்தில் தீ கூடாது என்பதை நம் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தீப்பெட்டி ஆபத்துக்கு உதவவே தவிர, தினச் சமையலுக்கு அல்ல என்பேன். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றவர்களில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் உள்ள மலையில் தீ எப்படி ஓடும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். யானையை விரட்டலாம் என்று ஊர்ப்பெருமையோடு பட்டாசை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. காட்டு விலங்கை மிரட்டுவது குற்றம். மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்த யானைக்கே தெரியாது. வனத்துறையினர் அனுமதித்த இடத்தில், அவர்கள் முன்னால் மட்டும் அடுப்பு மூட்டலாம்.

நெருப்பு இல்லாமல் எதைத் தின்பது? இங்கேதான் நம் பாட்டிமார் நிபுணர்கள். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளியோதரையில் உள்ள புளியின் அமிலம் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கிறது. ஆனால் ‘புளிச்சோறு கெடாது’ என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். வெந்த சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் விதைகள் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகவே மூடிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சில் ஒரு வகை அழியாது. ஆகவே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி விசிறி ஆற்றி, பிறகு கிளறிக் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகிச் சோற்றிலேயே சொட்டும். இவ்வளவு செய்தும் அன்றைக்குள் தின்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

இரண்டாம் நாளிலிருந்து ஈரமில்லாத உணவு. சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர்மேல் போகும்போது தண்ணீரையே சுமப்பானேன்? அவல், பொரிகடலை, வேர்க்கடலை, கருப்பட்டி, எள்ளுருண்டை. இவை இலேசு, கெடுவது அபூர்வம், நனையாதவரை மிஞ்சும். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 560 கலோரி இருக்கிறது. அதே எடைச் சோற்றில் 130தான். வட அமெரிக்க ஓடக்காரர்கள் உலர்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பும் பழமும் சேர்த்து உருட்டிய ‘பெமிக்கன்’ என்ற உணவை மாதக்கணக்கில் தின்றார்கள். கொழுப்பும் புரதமும் இனிப்பும் ஈரமில்லாமல் ஒரே கட்டியில். கொஞ்சம் யோசித்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அதற்குச் சிற்றப்பன் முறை ஆகிறது! ஒன்றே ஒன்று: கருப்பட்டி வாசனை கரடிக்கும் யானைக்கும் பிடிக்கும். தின்பண்டத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். வழிகாட்டி சொல்லும் இடத்தில் வையுங்கள்.

சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே என்று குடிநீரை மறந்து போகிறவர்கள் உண்டு. கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்க்கும் வழக்கம் அருமையானது; மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிகின்றன. ஆனால் தெளிந்த நீர் சுத்தமான நீர் ஆகாது. கிருமிகளிற் பல இன்னும் அதில் இருக்கும். தெளிந்த பிறகு கொதிக்க வைக்க வேண்டும். அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் நீரிலேயே மாத்திரையைப் போட்டால் குளோரினைச் சேறு தின்றுவிடும். ஆக, பாட்டி முதலில், மாத்திரை பிறகு.

கூடாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, விலங்குகள் நீருக்கு இறங்கும் தடத்தை விட்டு விலகி அடிக்க வேண்டும். மழை உங்கள் தலைமேல் பெய்யாவிட்டாலும் மலை உச்சியில் பெய்யலாம். ஓடை சொல்லாமல் பெருகும். காய்ந்த ஓடை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அதில் படுக்கவே கூடாது.

கவிழ்ந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். கரை கிட்டத்தில் தெரிந்தாலும் ஓடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நீந்துகிறவனுக்குக் கரை எப்போதும் கிட்டத்தில் இருப்பதுபோலத்தான் தோன்றும். மிதக்கும் ஓடம் பெரிய மிதவை. தேடி வருகிறவர்களுக்குத் தலையைவிட அது சீக்கிரம் கண்ணில் படும். இன்னொருவர் தத்தளித்தால் பாய்ந்து போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் போன செய்திகளை நாளிதழில் எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்! துடுப்பை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், சேலையை வீசுங்கள், காலிக் கேனை வீசுங்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். தொண்டை கட்டிப்போகும், விசில் கட்டாது. மூன்று முறை ஊதிவிட்டு நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் முறை.

இந்தப் பழக்கங்களில் முக்கால்வாசியை எம். புதுப்பட்டியில் இருந்தபடியே பழகலாம். மூட்டை கட்டுவதற்கு ஆறு வேண்டாம், தொட்டி போதும். கயிறு வீசுவதற்குப் பள்ளி மைதானம் போதும்: 10 மீட்டர் தள்ளி ஒருவரை உட்கார வைத்து, அவர் கைக்கு எட்டும்படி கயிற்றின் நுனி விழுகிறதா என்று பாருங்கள். நுனியில் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் கொஞ்சம் மட்டும் நீர் வைத்துக் கட்டினால் தூரம் போகும், மிதக்கவும் செய்யும். நீச்சலை, தெரிந்த பெரியவர் ஒருவர் கிணற்று மேட்டில் நிற்க, கோடையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். மழை வந்து கண்மாய் நிரம்பிய பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

புறப்படும் அன்று ஓடத்தில் ஏறாத பொருள் ஒன்று உண்டு. ஒரு தாளில் எங்கே போகிறோம், எந்த வழியாக, யார் யார், வழிகாட்டி யார், எத்தனை மணிக்குள் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் அதைப் படித்தாரா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.